சாதாரண காரை ரேஸ் கார் ஆக்குவது என்றால் உண்மையில் என்ன செய்கிறார்கள்?

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்து ஒர்க்‌ஷாப் ஒன்றில் கொஞ்ச நேரம் நின்றால் இந்தப் பேச்சு காதில் விழாமல் போகாது. பழைய ஸ்விஃப்ட் ஒன்று வந்து நிற்கும். கூட வந்த பையன், "அண்ணே, இத ரேஸ் கார் மாதிரி ஆக்கணும், எவ்ளோ ஆகும்?" என்று கேட்பான். அப்புறம் சைலன்சர், அலாய் வீல், பின்னால் ஒரு ஸ்பாய்லர், ஸ்பிரிங்கை வெட்டி வண்டியை இறக்குவது, இவ்வளவையும் சுற்றித்தான் பேச்சு ஓடும். பிரேக் என்ற சொல் ஒரு தடவைகூட வராது. எனக்கு இது உண்மையிலேயே கவலை தருகிறது, ஏனென்றால் ரேஸ் கார் கட்டுகிறவர்கள் முதலில் கை வைக்கிற இடங்களில் ஒன்று பிரேக், சைலன்சரெல்லாம் கடைசியில் எங்கோ வருகிற வேலை.

டிராக்கில் ஓட்டுவதற்காக ஒரு காரை மாற்றும்போது எதை, ஏன் மாற்றுகிறார்கள் என்பதை வண்டி வேலை ஒன்றும் தெரியாதவர்களுக்கும் புரிகிற மாதிரி இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

வடம் பிடிப்பவர்களும் கட்டை போடுபவர்களும்

மார்கழியில் சுசீந்திரம் தேரோட்டம் பார்த்திருப்பீர்கள். வடம் பிடித்து இழுக்கிற கூட்டத்தின் மேல்தான் எல்லார் கண்ணும் இருக்கும். சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்தபடியே ஓடி முட்டுக்கட்டை போடுகிறார்களே, அவர்கள் இல்லாவிட்டால் தேர் ஒரு முனையில்கூட ஒழுங்காகத் திரும்பாது, நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவும் நிற்காது. வடத்தில் ஆள் கூடக் கூட, கட்டை போடுகிறவர் இன்னும் கெட்டிக்காரராக இருக்க வேண்டும்.

காரில் வடம் பிடிப்பது என்ஜின். கட்டை போடுகிற வேலை டயருக்கும் பிரேக்குக்கும், சக்கரத்துக்கும் பாடிக்கும் நடுவே ஸ்பிரிங்கோடு இருக்கிற சஸ்பென்ஷன் அமைப்புக்கும். ரேஸ் டிராக் என்பதே வளைவுகளைக் கோத்த பாதை. சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை டிராக்கின் மொத்த நீளமே சுமார் 3.7 கிலோமீட்டர், கோவை செட்டிப்பாளையத்தில் இருக்கிற கரி மோட்டார் ஸ்பீட்வே 2 கிலோமீட்டருக்குச் சற்று மேல். நேரான பகுதி சட்டென்று முடிந்துவிடும், உடனே பிரேக், உடனே வளைவு. அங்கே நேரம் மிச்சமாவதும் வீணாவதும் பெரும்பாலும் நிறுத்துகிற இடத்திலும் திரும்புகிற இடத்திலும்தான்.

இதற்கு நம் நாட்டிலேயே நல்ல சாட்சி இருக்கிறது. கோவை கரிவர்தன் வடிவமைத்த ஃபார்முலா மாருதி என்ற பந்தயக் காரில் இருந்தது மாருதி 800-இன் என்ஜின், வெறும் 796 சி.சி. பின்னால் 2005-இல் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் பந்தயம் பழகியது அந்த வகைக் காரில்தான். என்ஜின் சின்னது, ஆனால் வண்டி எடை மிகவும் குறைவு, உட்காரும் உயரம் தரையை ஒட்டி. அதனால்தான் அது பந்தயக் கார்.

டயர்: எல்லாம் அடங்குகிற நான்கு உள்ளங்கை

கார் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் ரோட்டைத் தொடுவது நான்கே இடத்தில், ஒவ்வொரு இடமும் ஏறக்குறைய உங்கள் உள்ளங்கை அளவு. வேகமெடுப்பது, நிறுத்துவது, திரும்புவது மூன்றும் அந்த நான்கு உள்ளங்கை ரப்பர் வழியாகத்தான் நடந்தாக வேண்டும். ரப்பர் ரோட்டைப் பற்றிக்கொள்ளும் பலத்தைப் பிடிமானம் என்கிறோம். ஒரு டயருக்கு இவ்வளவுதான் பிடிமானம் என்று ஒரு எல்லை உண்டு. அதை முழுவதும் பிரேக்குக்கே செலவழித்துவிட்டால் திரும்புவதற்கு ஒன்றும் மிஞ்சாது, ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி நேராகத்தான் போகும். மழை பிடித்த முதல் சில நிமிடங்களில், ரோட்டில் கிடந்த எண்ணெயும் தூசியும் தண்ணீரோடு குழைந்து கிடக்கும்போது வளைவில் பிரேக்கை அழுத்திப் பயந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

ஒரு கணக்கைப் பாருங்கள். 50 மீட்டர் ஆரம் உள்ள ஒரு சமதளமான வளைவு. தன் எடையில் 0.8 மடங்கு பலத்துக்குப் பக்கவாட்டில் பிடித்துக்கொள்கிற டயர் போட்டிருந்தால் அந்த வளைவில் அதிகபட்சம் சுமார் 71 கிலோமீட்டர் வேகத்தில் போகலாம். அதே காரில் 1.2 மடங்கு பிடிக்கிற டயரைப் போட்டால் சுமார் 87. என்ஜினில் ஒரு ஸ்குரூவைக்கூடத் தொடவில்லை, 16 கிலோமீட்டர் வேகம் கூடியிருக்கிறது. ஒரு சுற்றில் இப்படிப் பத்து வளைவு வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

பந்தயத்துக்கான டயரில் இரண்டு வேறுபாடு. ரப்பர் மிருதுவாக இருக்கும், அதனால் நன்றாக ஒட்டும், சீக்கிரம் தேய்ந்தும் போகும். இன்னொன்று, வரிப்பள்ளம் இருக்காது அல்லது மிகக் குறைவாக இருக்கும். வரியே இல்லாத டயருக்கு ஸ்லிக் என்று பெயர். வரி இருப்பது தண்ணீரை ஒதுக்கித் தள்ளத்தான், காய்ந்த டிராக்கில் அது தேவையில்லை, அந்த இடத்திலும் ரப்பரே இருந்தால் பிடிமானம் கூடும். ஆனால் ஸ்லிக் டயர் நன்றாகச் சூடேறிய பிறகுதான் ஒழுங்காகப் பிடிக்கும், ஈரத்தில் பிடிக்கவே பிடிக்காது. தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் வாங்குகிற நம் மாவட்டத்தில் இந்த டயரோடு ரோட்டில் இறங்குவது தற்கொலைக்குச் சமம். அப்படி எழுதக் கொஞ்சமும் தயங்கவில்லை.

இதுவரை பார்த்தது: வண்டி செய்கிற எல்லாக் காரியத்துக்கும் எல்லை போடுவது டயரின் பிடிமானம். இனி வருகிற ஒவ்வொரு மாற்றமும் அந்தப் பிடிமானத்தை வீணாக்காமல் பயன்படுத்துவதற்கான வழிதான்.

எடை குறைப்பது

கணக்குக்கு 1000 கிலோ எடையும் 85 குதிரைத்திறனும் உள்ள ஒரு காரை எடுத்துக்கொள்வோம். அதிலிருந்து 150 கிலோவைக் கழற்றிவிட்டால் ஒரு கிலோவுக்குக் கிடைக்கிற பலம் 100 குதிரைத்திறன் என்ஜினைப் போட்டதற்குச் சமமாகிறது. என்ஜினில் 15 குதிரைத்திறன் கூட்டுவதற்கு ஆகும் செலவையும், பின்சீட்டைக் கழற்றுவதற்கு ஆகும் செலவையும் ஒப்பிட்டுப் பாருங்கள்! என்ஜின் பலம் வேகமெடுக்க மட்டும்தான் உதவும். எடை குறைந்தால் வேகமெடுப்பது, நிற்பது, திரும்புவது மூன்றும் மேம்படும், டயரும் பிரேக்கும் குறைவாகத் தேயும்.

அதனால்தான் டிராக் காருக்குள் எட்டிப் பார்த்தால் வெறும் தகரமாக இருக்கிறது. பின்சீட், கார்ப்பெட், கூரைத் துணி, கதவுப் பலகை, ஸ்பீக்கர், ஏசி, டிக்கியில் இருக்கிற ஸ்டெப்னி, ஜாக்கி எல்லாம் வெளியே. தரைத் தகரத்தில் சத்தம் வராமலிருக்க ஒட்டியிருக்கிற தார் ஷீட்டைக்கூடச் சுரண்டி எடுத்துவிடுவார்கள், அது நாம் நினைப்பதைவிடக் கனம். பல போட்டி வகுப்புகளில் இவ்வளவு கிலோவுக்குக் கீழே போகக் கூடாது என்று விதி உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், கழற்றிக்கொண்டே போக முடியாது.

பிரேக்: வேகத்தைச் சூடாக்கி வெளியே விடுகிற இடம்

பிரேக் வேகத்தைக் குறைக்கிறது என்கிறோம். அந்த வேகம் எங்கே போகிறது? எங்கும் மறைந்து போவதில்லை, சூடாக மாறுகிறது. 1000 கிலோ காரை மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிறுத்தினால் பிறக்கிற சூடு, சாதாரண நிலையில் இருக்கிற 1 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து மிச்சமும் இருக்கும். வேகம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. ரோட்டில் நாம் எப்போதோ ஒரு முறைதான் அப்படி அழுத்துவோம், அடுத்த முறைக்குள், சக்கரத்தோடு சுழல்கிற டிஸ்க் என்ற பிரேக் தட்டு ஆறிவிடும். டிராக்கில் ஒரு சுற்றுக்குள் பல தடவை, அதுவும் சுற்றுக்குப் பின் சுற்றாக. ஆறுவதற்கு நேரமே கிடையாது.

இப்போது பெடலுக்குக் கீழே நடப்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். காலால் அழுத்துகிறோம், குழாயில் இருக்கிற பிரேக் ஆயில் அந்த அழுத்தத்தைச் சக்கரம் வரை கொண்டுபோகிறது, அங்கே பேட் என்ற இரண்டு உராய்வுக் கட்டைகள் சுழலும் டிஸ்க்கை இருபுறமும் கவ்வுகின்றன. இந்த ஏற்பாடு முழுவதும் ஒரே ஒரு உண்மையை நம்பியிருக்கிறது: திரவத்தை நசுக்கிச் சுருக்க முடியாது. டிஸ்க்கின் சூடு பேடுக்கு ஏறி, அங்கிருந்து ஆயிலுக்கு ஏறி, ஆயில் கொதித்துவிட்டால் குழாய்க்குள் ஆவிக் குமிழி உண்டாகும். ஆவியை நசுக்க முடியும். காலை அழுத்துகிறீர்கள், பெடல் தரை வரை இறங்குகிறது, அந்த அழுத்தம் குமிழியை நசுக்குவதிலேயே தீர்ந்துபோகிறது, வண்டி நிற்காது.

நம் ஊருக்கு இதில் ஒரு தனிக் கவனம் வேண்டும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் குணம் உள்ளது. டாட் 4 என்ற தர ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது, ஈரம் ஏறிய நிலையில் அதே தர ஆயிலுக்கு உறுதி 155 டிகிரிதான். குளச்சல், முட்டம் போன்ற கடலோரங்களில், உப்புக்காற்றும் ஈரமும் ஆண்டு முழுவதும் இருக்கிற இடத்தில், பிரேக் ஆயிலை மாற்றி எத்தனை வருடமாயிற்று என்று வண்டிக்காரருக்கே நினைவில்லாத கார்கள் நிறைய ஓடுகின்றன. ரேஸ் ஆசை இருந்தாலும் இல்லாவிட்டாலும் இதை மாற்றிவிடுங்கள்.

டிராக் காருக்குச் செய்வது: அதிகக் கொதிநிலை உள்ள ஆயில், அதையும் போட்டிக்கு முன்னால் புதிதாக மாற்றுவது, சூட்டிலும் பிடிமானம் விடாத பேட், அழுத்தத்தில் உப்பாத ஸ்டீல் பின்னல் ஹோஸ், முன் பம்பரில், பெரும்பாலும் ஃபாக் லைட் இருந்த ஓட்டை வழியாக, காற்றை நேராக டிஸ்க்குக்குக் கொண்டுபோகிற குழாய். இதில் ரேஸ் பேடைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அது சூடானால்தான் நன்றாகப் பிடிக்கும். காலையில் வடசேரி சந்தைக்குப் போகும்போது ஆறிப்போன ரேஸ் பேடை நம்பி பிரேக் அழுத்தினால், கம்பெனி பேடைவிட மோசமாகத்தான் நிற்கும்.

சஸ்பென்ஷன்: வெட்டுவது வேறு, இறக்குவது வேறு

பிரேக் அழுத்தினால் மூக்கு குனிகிறது, இடது பக்கம் திரும்பினால் வண்டி வலது பக்கம் சாய்கிறது. எடை ஒரு பக்க டயரிலிருந்து மறுபக்க டயருக்கு மாறுகிறது என்பதுதான் இதன் பொருள், இதற்கு எடைமாற்றம் என்று பெயர். டயர் மேல் எடை கூடினால் பிடிமானமும் கூடும், ஆனால் அதே அளவில் கூடாது. எடை இரண்டு மடங்கானால் பிடிமானம் இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் கிடைக்கும். ஆகவே வளைவில் உள்பக்க டயர் இழந்த பிடிமானம், வெளிப்பக்க டயர் சேர்த்ததைவிட அதிகம். மொத்தத்தில் நஷ்டம். எடைமாற்றம் எவ்வளவு குறைவோ, அவ்வளவு நல்லது.

வண்டியைத் தாழ்வாக்குவது இதற்குத்தான். எடை தரையை நெருங்கினால் எடைமாற்றம் குறையும். ஸ்பிரிங்கைக் கெட்டியாக்குவது வேறொரு காரணத்துக்கு: பாடி அதிகம் சாயாமல் இருந்தால் டயர் ரோட்டில் சப்பென்று படிந்திருக்கும். சக்கரத்தின் மேல்விளிம்பை உள்பக்கம் லேசாகச் சாய்த்து வைப்பதும் அதே நோக்கம்தான், வளைவில் பாடி சாயும்போது வெளிப்பக்க டயர் நேராகி முழு அகலமும் தரையில் உட்காரும். இந்தச் சாய்வுக்குக் கேம்பர் என்று பெயர்.

சரி, அப்படியானால் ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டிவிட்டால் போதாதா? போதாது. வெட்டினால் ஸ்பிரிங் கொஞ்சம் கெட்டியாகிறது என்பது உண்மை, ஆனால் அது அமுங்குவதற்கு இருந்த இடம் அதைவிட வேகமாகக் குறைந்துவிடுகிறது. ஷாக் அப்சார்பர் பழையதே. அது ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்குவதற்காக இருக்கிற பொருள், பழைய ஸ்பிரிங்குக்காக அளவெடுத்துச் செய்யப்பட்டது. வளைவின் நடுவில் ஒரு சின்னப் பள்ளம் வந்தால் சஸ்பென்ஷன் அடிமட்டத்தில் போய் இடிக்கும், அந்தக் கணத்தில் அந்த டயருக்கு ஸ்பிரிங்கே இல்லாத மாதிரி. பின்சக்கரத்தில் இது நடந்தால் வண்டி சுழன்றுவிடும். வெட்டிய முனை தன் இருக்கையில் சரியாக உட்காராமல் நகர்ந்து விலகுவதும் உண்டு. குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறைக்குப் போகிற மாதிரி ஏற்றமும் வளைவும் குழியும் கலந்த ரோட்டுக்குக் கம்பெனி கொடுத்திருக்கிற உயரம்தான் சரியான உயரம். மட்டமான டிராக்கின் அளவு இங்கே பொருந்தாது.

முறையாகச் செய்தால் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றுக்கொன்று பொருத்தமான ஜோடியாகவே மாற்றப்படும்.

ஸ்பாய்லரும் காற்றும்

ஆடி மாதத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக, முப்பந்தல் காற்றாலைகளுக்கு நடுவே கார் ஓட்டியிருந்தால் காற்று வண்டியைப் பக்கவாட்டில் எப்படித் தள்ளும் என்று கைக்குத் தெரிந்திருக்கும். அந்தப் பலத்தைப் பக்கவாட்டில் வாங்காமல் மேலிருந்து கீழாக வாங்கி டயரைத் தரையோடு அழுத்த வைப்பதுதான் ரேஸ் காரின் பின்னால் இருக்கிற, விங் என்ற இறக்கை மாதிரிப் பலகையின் வேலை. ஸ்பாய்லர் கேட்கிறவர்கள் மனதில் இருப்பதும் இதுதான். எடையைக் கூட்டாமலே டயருக்கு அழுத்தம் கிடைக்கிறது. ஆனால் இந்தப் பலமும் வேகம் இரண்டு மடங்கானால் நான்கு மடங்காகிற கணக்குத்தான், அதாவது குறைந்த வேகத்தில் கிட்டத்தட்ட ஒன்றுமே கிடைக்காது. நம் ஊர் ரோட்டு வேகத்தில் டிக்கி மேல் திருகிய விங் சும்மா சுமைதான். முன்சக்கரம் இழுக்கிற சின்னக் காரில் பின்பக்கத்தை மட்டும் அழுத்தினால், திருப்பவும் இழுக்கவும் வேண்டிய முன்டயருக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை.

என்ஜின்: பலத்துக்கு முன்னால் ஆயுள்

என்ஜினைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் டர்போ இல்லாத சின்ன என்ஜினில் சைலன்சரை மாற்றிக் கிடைக்கிற பலம் மிகச் சொற்பம். டிராக்கில் என்ஜினுக்கு வருகிற ஆபத்து வேறு. ஆயில் என்ஜினின் அடியில் சம்ப் என்ற தொட்டியில் கிடக்கும், ஒரு குழாய் அதை உறிஞ்சி மேலே அனுப்பும். நீண்ட வளைவில் வேகமாகப் போகும்போது ஆயில் முழுவதும் ஒரு பக்கச் சுவரில் ஏறிவிடும், குழாய் வெறும் காற்றை உறிஞ்சும். டேஷ்போர்டில் ஆயில் லைட் ஒரு கண் சிமிட்டும், அவ்வளவுதான் அறிகுறி. ஆயில் இல்லாமல் சில நொடி சுற்றினாலே பேரிங் போய்விடும். ஆயில் ஒதுங்காமலிருக்க சம்புக்குள் தடுப்புத் தகடு வைப்பதும், ஆயிலைக் குளிர வைக்கத் தனி ரேடியேட்டர் வைப்பதும்தான் புத்திசாலித்தனமான முதல் என்ஜின் வேலை. பலம் கூட்டுவது அதற்குப் பிறகு.

ஆளைக் காப்பது: பாதி ரேஸ் கார்தான் மிக ஆபத்து

இந்தப் பகுதியை மட்டுமாவது பொறுமையாகப் படியுங்கள்.

ரோட்டுக் கார் நம்மைக் காப்பது ஒரு கூட்டு ஏற்பாட்டில்: சீட் பெல்ட், ஏர்பேக், கொஞ்சம் வளைந்து கொடுக்கிற சீட், நசுங்கிக் கொடுக்கிற முன்பக்கம். டிராக் காரில் இந்த ஏற்பாட்டின் பெரும்பகுதியை எடுத்துவிட்டு இன்னொரு முழு ஏற்பாட்டை வைக்கிறார்கள். வண்டி உருண்டாலும் கூரை நசுங்காமலிருக்க உள்ளே ஸ்டீல் குழாய்க் கூண்டு, அதற்கு ரோல் கேஜ் என்று பெயர். உடம்பைக் கவ்விப் பிடிக்கிற பக்கெட் சீட். தோள், இடுப்பு, தொடைக்கு நடுவே என ஆறு இடத்தில் கட்டுகிற பெல்ட். ஹெல்மெட். உடம்பு கட்டுண்டு கிடக்க தலை மட்டும் முன்னால் பறந்து கழுத்து முறியாமலிருக்க, தோளில் உட்கார்ந்து ஹெல்மெட்டைப் பிடித்துக்கொள்கிற ஹான்ஸ் என்ற கருவி. ஃபார்முலா ஒன்னில் 2003-இலிருந்து இது கட்டாயம். தீயணைப்பான், வெளியிலிருந்தே மின்சாரத்தை நிறுத்துகிற சுவிட்ச்.

இவை ஒன்றையொன்று நம்பி நிற்பவை. ரோல் கேஜ் வைத்த காரை ஹெல்மெட் இல்லாமல் ரோட்டில் ஓட்டினால், சின்ன மோதலிலேயே தலை போய் இரும்புக் குழாயில் அடிக்கும், கூண்டே ஆளைக் கொன்றுவிடும். ரோல் கேஜ் இல்லாமல் ஆறுமுனை பெல்ட் கட்டினால், வண்டி கவிழும்போது கூரை இறங்கும், உடம்பு சாய்ந்து தப்ப வழி இருக்காது. சாதாரணக் கட்டில் குழாயை வெல்டு பண்ணி வைத்த கூண்டு மோதலில் மடங்கிக் குத்தும். இதனால்தான் போட்டி விதிகளில் குழாயின் ஸ்டீல் தரம், விட்டம், தடிமன், வெல்டிங் எல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள்.

சுருக்கமாக: பாதுகாப்புச் சாமான்களைத் தனித்தனியாக வாங்க முடியாது. முழுவதும் ரோட்டுக் கார், அல்லது முழுவதும் டிராக் கார்.

எங்கே ஓட்டுவது

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 189-ஆம் பிரிவு, அனுமதியில்லாமல் பொதுச்சாலையில் பந்தயம் விடுவதைக் குற்றமாக்குகிறது. வழக்கமான கார் இன்சூரன்ஸ் பாலிசியில் பந்தயத்துக்குப் பயன்படுத்தினால் பணம் கிடையாது என்றே எழுதியிருக்கும், எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். காவல்கிணறு பக்கத்து நாலுவழிச்சாலை இராத்திரி காலியாகத்தான் தெரியும். ஆனால் டிராக்கில் இருக்கிற மாதிரி வழுக்கி ஓட மண்பரப்போ டயர் சுவரோ கொடி காட்டுகிற ஆளோ தயாராக நிற்கிற ஆம்புலன்ஸோ அங்கே கிடையாது. எதிரே வருகிறவர் எந்தப் பந்தயத்திலும் சேர்ந்தவரும் அல்ல.

நமக்குப் பக்கத்தில் டிராக் இல்லை என்பது நிஜமான வருத்தம்தான். கோவைக்கு 400 கிலோமீட்டருக்கு மேல், இருங்காட்டுக்கோட்டைக்கு ஏறக்குறைய 700. முழு டிராக் காரை ஓட்டிக்கொண்டு போகக் கூடாது, லாரியிலோ டிரெய்லரிலோ ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும், அந்தச் செலவையும் முதலிலேயே கணக்கில் வையுங்கள்.

உண்மையிலேயே ஆசை இருக்கிறவர்கள் காரில் கை வைப்பதற்கு முன் இரண்டு வேலை செய்யலாம். இந்தியாவில் இந்த விளையாட்டை நடத்துவது எஃப்.எம்.எஸ்.சி.ஐ. என்ற கூட்டமைப்பு, போட்டியில் ஓட்ட அதன் லைசென்ஸ் வேண்டும், ஒவ்வொரு வகுப்புக்கும் எதை மாற்றலாம், எதைத் தொடக் கூடாது என்று விதிப்புத்தகம் உண்டு. எந்த வகுப்பு என்று முடிவு செய்து அதைப் படியுங்கள், பலர் காசு செலவழித்துப் போட்ட சாமானை விதிக்காகத் திரும்பக் கழற்ற வேண்டி வருகிறது. அடுத்தது, டிராக்கில் நடக்கிற பயிற்சி வகுப்பு ஒன்றில் அவர்களுடைய வண்டியிலேயே உட்கார்ந்து ஓட்டிப் பாருங்கள். அதற்கப்புறமும் சொந்தக் கார்தான் வேண்டும் என்றால், ஒரு நல்ல பழைய காரை அதற்கென்றே தனியாக வாங்கி, புது பிரேக் ஆயில், பேட், டயர் என்ற வரிசையில் ஆரம்பிக்கலாம். வீட்டுக் காரை வீட்டுக்கே விட்டுவிடுங்கள்.